கப்பலைக் கடைசியில் தேடுங்கள்

முன்னோரைத் தேடித் தருவது என் வேலை. போன குளிர்காலத்தில் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். மதுரைப் பக்கம் சொந்த ஊர், விஸ்கான்சினில் வேலை, கணவர் ஜெர்மானிய வம்சத்து அமெரிக்கர். கையில் துணி சுற்றிய கண்ணாடிச் சட்டம் ஒன்று. பிரித்தால், பழைய கப்பல் பயணிகள் பட்டியலின் அச்சு. ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் அடித்திருந்தது: யோகான் முல்லர், வயது 24, விவசாயி, ஜெர்மனி. நியூயார்க்கில் இறங்கியது 1882இல். (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

"இவருதாண்ணா எங்க வீட்டுக்காரரோட எள்ளுத்தாத்தா. பையனுக்கு ஸ்கூல்ல குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்காங்க. எந்த ஊர்க்காரர்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அவருடைய மாமியார் இணையத்தில் யாரோ ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கி, பல வருடமாகக் கூடத்தில் மாட்டி வைத்திருந்த சட்டம் அது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் தொடங்கினேன். மில்வாக்கியில் ஒரு லூத்தரன் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில், எள்ளுத்தாத்தாவின் மூத்த மகன் 1880இலேயே இருக்கிறான். அப்பா 1882இல்தான் வந்தார் என்றால் கணக்கு உதைக்கிறது. "ஒருவேளை ஊருக்குப் போய்த் திரும்பி வந்திருப்பாரோ?" என்று கேட்டார். நல்ல கேள்விதான், அப்படிப் போய் வந்தவர்கள் நிறையப் பேர். அதனால் அந்தப் பட்டியலின் முழுப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். சட்டத்துக்குள் அடங்குவதற்காகக் கீழ்ப்பகுதியை வெட்டியிருந்தார்கள். வெட்டுப்பட்ட அடுத்த இரண்டு வரிகளில் அந்த முல்லரின் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். இரண்டு பெயருமே இந்தக் குடும்பத்தில் இல்லாதவை. ஆக, இத்தனை வருடம் கூடத்தில் தொங்கியது வேறு வீட்டுத் தாத்தா.

இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். பெயர் ஒத்துப்போகிறது, வயது ஏறக்குறைய ஒத்துப்போகிறது, ஆள் கிடைத்துவிட்டார் என்று முடித்துக்கொள்கிறார்கள். 1882 ஒரு வருடத்தில் மட்டும் ஏறத்தாழ 2.5 லட்சம் ஜெர்மானியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். முல்லர் என்பது ஜெர்மனியிலேயே மிகப் பரவலான குடும்பப் பெயர். யோகான் கதை இன்னும் மோசம். ஒரே வீட்டில் அண்ணன் யோகான் கியோர்க், தம்பி யோகான் ஃபிரீட்ரிச், அவனுக்கு அடுத்தவன் யோகான் பீட்டர் என்று எல்லோருக்கும் ஞானஸ்நானத்தில் யோகான் சேர்ப்பது வழக்கம். கூப்பிடுவது இரண்டாவது பெயரைச் சொல்லித்தான். ஆகவே ஏட்டில் இருக்கும் யோகானை ஊரில் யாரும் யோகான் என்று கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? கப்பல் பட்டியலை விட்டுவிட்டு, அமெரிக்காவில் அவர் செத்த இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். இறப்புச் சான்று, கல்லறைக் கல், ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தி, மக்கள் தொகைக் கணக்கு எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எந்த வருடம் நாட்டுக்குள் வந்தார் என்றே ஒரு கட்டம் உண்டு. அந்த வருடம் இரண்டு மூன்று முன்பின்னாக இருக்கும், அதற்காக ஒதுக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை சபைப் பதிவேடுகள் மேல்தான். கப்பல் எழுத்தர் "ஜெர்மனி" என்று ஒரே சொல்லில் முடித்த இடத்தில், போதகர் உட்கார்ந்து கிராமத்தின் பெயரை எழுதியிருப்பார். நம்முடைய முல்லரின் கல்யாணப் பதிவு 1879இல் அதே சபையில் இருந்தது. மாப்பிள்ளையின் ஊர் என்ற இடத்தில், பால்டிக் கடலோரத்துப் பிரஷ்ய மாகாணமாக இருந்த பொமரேனியாவின் ஒரு சிறு கிராமம்.

கிராமம் தெரிந்த பிறகு கப்பலைத் தேடுவது வேறு வேலை. அமெரிக்கத் துறைமுகங்களில் 1820 முதல் பட்டியல் வாங்கினார்கள். ஆனால் முதல் எழுபது வருடத்துக்கும் மேலாகப் பெயர், வயது, பாலினம், தொழில், நாடு என்ற அளவில்தான் விவரம். கடைசியாக வசித்த ஊர், யாரிடம் போகிறார், கையில் எவ்வளவு பணம் என்பவையெல்லாம் 1893 சட்டத்துக்குப் பிறகு வந்த கட்டங்கள். புறப்பட்ட நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் 1907க்குப் பிறகு. உங்கள் ஆள் அதற்கு முன்னால் வந்தவர் என்றால் புறப்பட்ட துறைமுகத்தின் ஏட்டைப் பார்க்க வேண்டும்.

அங்கே அதிர்ஷ்டம்தான் பேசுகிறது. ஹாம்பர்க் வழியாகப் போனவரா, பிழைத்தீர்கள். 1850 முதல் 1934 வரையிலான ஹாம்பர்க் பட்டியல்கள், முதல் உலகப் போர்க்கால இடைவெளி தவிர, பெரும்பாலும் இருக்கின்றன, அவற்றில் ஊர்ப் பெயரும் உண்டு. பிரேமன் வழியாகப் போனவர் என்றால் வருத்தமான கதை. அங்கேயும் 1832 முதல் பட்டியல் எழுதினார்கள். அப்புறம் வைக்க இடமில்லை என்று பழையவற்றை அவர்களே அழித்தார்கள், மிஞ்சியதில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போனது. இன்று கையில் இருப்பவை 1920 முதல் 1939 வரையிலானவை மட்டும். இடப் பற்றாக்குறை அழித்த அளவுக்குக் கரையான்கூட அழித்திருக்காது என்று நான் அடிக்கடி சொல்வேன்.

ஹாம்பர்க் ஏட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நேராக அமெரிக்கா போன கப்பல்களுக்கு ஒரு பட்டியல். வழியில் வேறு ஐரோப்பியத் துறைமுகத்தில் இறங்கிக் கப்பல் மாறியவர்களுக்குத் தனியாக இன்னொன்று. டிக்கெட் மலிவு என்பதால் பலர் ஹாம்பர்க்கிலிருந்து இங்கிலாந்தின் ஹல், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், லிவர்பூலில் வேறு கப்பல் என்று போனார்கள். முதல் பட்டியலை மட்டும் புரட்டிவிட்டு "ஆள் இல்லை" என்று கைவிடுபவர்கள் ஏராளம். நம் முல்லர் இரண்டாவது பட்டியலில்தான் கிடைத்தார். சேருமிடம் கியூபெக். கனடாவில் இறங்கி உள்நாட்டு வழியாக விஸ்கான்சின் வந்திருக்கிறார். கனடா எல்லை வழியாக நுழைந்தவர்களை அமெரிக்கா 1895இல்தான் பதிவு செய்யத் தொடங்கியது. அதாவது இவர் வந்ததற்கு அமெரிக்காவில் கப்பல் பட்டியலே கிடையாது. நியூயார்க்கில் நூறு வருடம் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எப்போதும் எனக்கு உறுத்தும். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களின் பட்டியலில் தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறது. அதே காலத்தில் சுதந்திரமாகக் கப்பலேறிய ஜெர்மானியருக்கு அமெரிக்காவில் ஒரு வரிதான். ஒப்பந்தக் கூலி ஓடினால் பிடிக்க அடையாளம் வேண்டுமே! முன்னோரைத் தேடும் வாரிசுக்கு உதவுவது, முன்னோர் மேல் இருந்த பிடி எவ்வளவு இறுக்கம் என்பதுதான் போலிருக்கிறது.

பெயர்கள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்" என்று பாதி வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த அந்த நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1ஆம் தேதி, அதற்கு முன்பே வந்தவர்களின் வீட்டிலும் இதே கதை ஓடும். அதிகாரிகள் பெயர் எழுதவில்லை. புறப்படும் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், அவ்வளவே. முல்லர் மில்லர் ஆனதும், ஷ்மிட் ஸ்மித் ஆனதும், ஸிம்மர்மன் கார்பென்டர் ஆனதும் பிறகு, தாங்களாகவே செய்துகொண்டவை. 1917இல் ஜெர்மனியோடு போர் மூண்டதும் மாற்றியவர்கள் பலர். பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'இ' (e) எழுத்து 'என்' (n) போலவே இருக்கும், 'யு' (u) எழுத்துக்கு மேலே ஒரு வளைவு போட்டுத்தான் வித்தியாசம் காட்டுவார்கள். அதைப் படித்துக் கணினியில் ஏற்றியவர் சறுக்கியிருப்பார். B-யும் P-யும், D-யும் T-யும் என்று ஒலியில் குழம்பியவையும் உண்டு. தமிழ்ப் பெயரைப் பாஸ்போர்ட்டில் நாலு விதமாகப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

குடும்பக் கதைக்கும் காகிதத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் டொனால்ட் டிரம்ப்பின் தாத்தா. குடும்பம் பல பத்தாண்டுகள் தங்களை ஸ்வீடன் வம்சம் என்று சொல்லி வந்தது. 1885 அக்டோபரில் பிரேமனிலிருந்து ஐடர் என்ற கப்பலில் வந்து நியூயார்க்கில் இறங்கிய பதினாறு வயதுப் பையனின் ஊர் தென்மேற்கு ஜெர்மனியில் பலாட்டினேட் பகுதியின் கால்ஸ்டட். குடியேற்றப் பதிவில் குடும்பப் பெயர் 'டிரம்ஃப்'. தக்காளி சாஸ் ஹைன்ஸின் அப்பாவும் அதே சிற்றூர்க்காரர்.

குடியுரிமைத் தாள்களையும் பாருங்கள். ஆனால் 1906 செப்டம்பருக்கு முந்தையவற்றில் "பிரஷ்ய மன்னருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்" என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். அதுகூட உபயோகம்தான், எந்த ராஜ்ஜியத்துப் பிரஜை என்று தெரிந்துவிடும். ஒன்றுபட்ட ஜெர்மனி பிறந்ததே 1871இல்தானே. திருமணமான பாட்டிகளுக்குத் தனி மனு தேடி அலைய வேண்டாம். 1855 முதல் 1922 வரை கணவன் குடியுரிமையே மனைவிக்கும்.

முல்லரின் கிராமத்தை 1912ஆம் ஆண்டு மேயர்ஸ் இடப்பெயர் அகராதியில் தேடினேன். எந்த வட்டம், எந்தப் பதிவு அலுவலகம் என்று ஒரே பத்தியில் கிடைத்தது. இன்றைய வரைபடத்தில் அந்த ஜெர்மன் பெயரே இல்லை. 1945க்குப் பின் பொமரேனியாவின் பெரும்பகுதி போலந்தில் சேர்ந்ததால் ஊருக்கு இப்போது போலிஷ் பெயர். பொமரேனியாவின் சபைப் பதிவேடுகள் பல போரில் தொலைந்தவை, எஞ்சியவற்றில் ஒரு பகுதி போலந்து அரசு ஆவணக் காப்பகங்களில் இருக்கிறது. எழுதிக் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.

பையன் பள்ளிக்குக் கொண்டுபோன குடும்ப மரத்தின் படத்தை அந்தப் பெண் எனக்கு அனுப்பியிருந்தார். எள்ளுத்தாத்தாவின் கட்டத்தில் ஊரின் இரண்டு பெயர்களையும் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறான். அதற்கு மேல் உள்ள இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டிருக்கிறான். சட்டம் மட்டும் மாமியார் வீட்டுக் கூடத்தில் அப்படியே இருக்கிறதாம். அழகாக இருக்கிறதே, எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேட்டாராம்.