பியூரோகிரசிக்குத் தமிழில் எந்தச் சொல்?

அதிகாரிகளையும் விதிகளையும் வைத்து அரசையோ நிறுவனத்தையோ நடத்தும் அமைப்பை ஆங்கிலத்தில் 'பியூரோகிரசி' என்கிறார்கள். இந்தச் சொல்லில் முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி கிரேக்கம். பிரெஞ்சில் 'பியூரோ' என்றால் இன்று மேசையையும் குறிக்கும், அலுவலகத்தையும் குறிக்கும். அதன் வேர் ஒரு துணி. எழுதும் மேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணிக்குப் பழைய பிரெஞ்சில் 'புரெல்' என்று பெயர். துணியின் பெயர் மேசைக்குப் போனது. மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கும், அறையின் பெயர் அங்கே இயங்கிய துறைக்கும் போனது. பின்பாதியான 'கிராட்டோஸ்' வலிமை, ஆட்சி என்று பொருள்படும். 'டெமாக்ரசி'யில் இருப்பதும் இதே பாதிதான். அதை மக்களாட்சி என்கிறோம். அந்தக் கணக்கில் பியூரோகிரசியை 'மேசையாட்சி' என்று சொல்ல வேண்டும். கேலி போலத் தோன்றினால் சரிதான், அது கேலியாகத்தான் பிறந்தது.

இதை உருவாக்கியவர் என்று அறியப்படுபவர் பிரான்சின் வின்சென்ட் த குர்னே (1712–1759). வணிகராக இருந்து, பிறகு அரசின் வணிகத் துறையில் உயர் அதிகாரி ஆனவர். தொழில்மேல் அரசு சுமத்திய விதிகளை எதிர்த்தவர். துணியின் அகலம் இவ்வளவு, இழை இத்தனை என்றுகூட அன்று சட்டம் இருந்தது (இங்கேயும் துணிதான்!). மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரே மேசையைப் பழித்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அவர் இப்படிச் சொல்லிவந்ததை, பாரிஸில் வாழ்ந்த எழுத்தாளர் கிரிம் பிரபு 1764-இல் ஒரு கடிதத்தில் பதிவு செய்தார். மன்னராட்சி, மக்களாட்சி என்ற வரிசையில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இதையும் ஓர் ஆட்சிமுறையாகக் குர்னே சேர்த்தாராம். பொதுநலத்துக்காக அலுவலகங்கள் இருப்பதுபோல் தெரியவில்லை, அலுவலகங்கள் இருப்பதற்காகத்தான் பொதுநலமே ஏற்படுத்தப்பட்டதுபோல் இருக்கிறது என்ற பொருளில் கிரிம் அடுத்த ஆண்டு எழுதினார். 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தக் கிண்டல் பழசாகவில்லை.

வசைச்சொல்லாக இருந்ததை ஆய்வுச்சொல்லாக நிலைநிறுத்தியவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் (1864–1920). வகுத்துக்கொடுத்த வேலை, மேல்கீழ் அடுக்கு, எழுத்துப் பதிவு, தகுதி பார்த்து நியமனம், மாதச் சம்பளம், எல்லாருக்கும் ஒரே விதி. இவையெல்லாம் அவர் அடுக்கும் இலக்கணம். இதிலென்ன பெருமை என்று கேட்பவர்கள், இதற்கு முன் இருந்ததைப் பார்க்க வேண்டும். பழைய பிரான்சில் அரசுப் பதவியை விலைக்கு வாங்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். அமெரிக்காவில் தேர்தலில் வென்ற கட்சி தன் ஆட்களுக்கு வேலையைப் பங்கு போட்டது. பதவி கிடைக்காத ஒருவர் 1881-இல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டார், அந்தக் காயத்தால் அவர் இறந்தார். அப்புறம்தான் 1883-இல் பெண்டில்டன் சட்டம் வந்து, தேர்வெழுதி வேலைக்குச் சேரும் முறை அங்கே தொடங்கியது. பிரிட்டனில் நார்த்கோட்–டிரெவெல்யன் அறிக்கை 1854-லேயே இதைப் பரிந்துரைத்திருந்தது.

விருப்பு வெறுப்பு இல்லாமல் வேலை நடக்க வேண்டும் என்பது வெபர் சொல்லும் நெறி. அமைச்சரின் மருமகனுக்கும் யாரென்றே தெரியாதவருக்கும் ஒரே படிவம். மனுவை மறுத்தால் காரணம் தாளில் இருக்கும், அதை வைத்து மேல்முறையீடு செய்யலாம். முகம் பார்க்காத அலுவலகத்தைத் திட்டுகிறோம். முகம் பார்த்துச் செய்கிற அலுவலகம் அதைவிட மோசம்.

சரி, அப்படியானால் எரிச்சல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அதே விதிகளிலிருந்துதான். விதி ஒரு நோக்கத்துக்காக வந்தது என்பது மறந்து, விதியைக் காப்பதே வேலையாகிவிடுகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940-இல் விளக்கினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்ற நம் பழமொழி இதே நோயைத்தான் சொல்கிறது. இன்னொன்று, ஆள் பெருகுவது. பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 1914-இல் 62, 1928-இல் 20. அதே காலத்தில் தலைமையகத்து அதிகாரிகள் 2,000-லிருந்து 3,569 ஆனார்கள். பிரிட்டிஷ் வரலாற்றாளர் பார்க்கின்சன் 1955-இல் இதை எடுத்துக்காட்டி, கிடைக்கிற நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை பெருகும் என்றார்.

இது அரசுக்கு மட்டும் உரியது அல்ல. பெரிய முதலாளித்துவ நிறுவனங்களே இந்த அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று வெபரே எழுதியிருக்கிறார். காப்பீட்டுத் தொகைக்கு விண்ணப்பித்தவருக்கோ, ஒரு நாற்காலி வாங்க மூன்று பேரிடம் ஒப்புதல் கேட்டு நிற்கும் ஊழியருக்கோ இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

இனி தமிழுக்கு வருவோம். பத்திரிகைகளில் அதிகம் புழங்குவது 'அதிகாரவர்க்கம்'. சூடான, நல்ல சொல். ஆனால் அது ஆட்களின் கூட்டத்தைக் குறிக்கிறது, அமைப்பை அல்ல. வெபரை மொழிபெயர்க்கும் இடத்தில் அதைப் போட்டால், அவர் யாரையோ திட்டுவதுபோல் ஆகிவிடும். 'அதிகாரத்துவம்' மனப்போக்கைச் சொல்லப் பொருந்துகிறது. எடுத்ததற்கெல்லாம் முத்திரை கேட்கிற அந்தப் போக்கு. அமைப்பைச் சொல்ல 'அலுவலர் ஆட்சி'தான் என் தேர்வு. மக்களாட்சியோடு ஒரே வரிசையில் நிற்கிறது, நிறையோ குறையோ ஏற்றிவைக்காமல் பொதுவாக நிற்கிறது, நிறுவனங்களுக்கும் இடறாமல் பொருந்துகிறது. 'சிவப்பு நாடா' வேறு. சட்ட ஆவணங்களைக் கட்டிய நாடாவிலிருந்து வந்த அது, அளவுக்கு மீறிய விதிமுறைகளையும் அதனால் வரும் தாமதத்தையும் மட்டும் குறிக்கும். முழு அமைப்புக்கும் அதைப் போடக் கூடாது.

'பியூரோகிராட்'டுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், அதிகாரி என்றாலே போதும். 'பியூரோகிராடிக் டிலே'யை 'அதிகாரத்துவத் தாமதம்' என்று முறுக்கி எழுதுகிறவர்கள், 'ஃபைல் நகரவில்லை' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.