டிராப்ஸில் ஐந்து மில்லி வேறு, சிரப்பில் ஐந்து மில்லி வேறு

"அண்ணா, பாப்பாவுக்குக் காய்ச்சல். டாக்டர் முன்னாடி அஞ்சு மில்லி குடுக்கச் சொன்னாங்க, அந்த மருந்தே குடுங்க." மருந்துக் கடையில் இப்படிக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அப்போது கொடுத்தது டிராப்ஸா சிரப்பா என்பதைத்தான். பலருக்கு நினைவிருப்பதில்லை. ஐந்து மில்லி என்பது மட்டும் மனதில் நிற்கிறது. ஆனால் அந்த ஐந்து மில்லிக்குள் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்பதுதான் குழந்தைக்கு முக்கியம்.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். டிராப்ஸில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 250. சிக்கல் இங்கேதான். ஒரு பெட்டியில் 100, இன்னொன்றில் 120 என்று பெரிய எழுத்தில் பார்ப்பவர், சிரப்தான் வீரியம் கூடியது என்று நினைத்துவிடுகிறார். ஒன்று 1 மில்லிக்கான கணக்கு, மற்றது 5 மில்லிக்கான கணக்கு. 120-ஐ ஐந்தால் வகுத்தால் மில்லிக்கு 24 மில்லிகிராம்தான். டிராப்ஸ் அதைவிட நான்கு மடங்குக்கு மேல் செறிவானது. பச்சைக் குழந்தை துப்பிவிடும் என்பதால் கொஞ்சம் திரவத்திலேயே வேண்டிய மருந்து போய்ச் சேரும்படி செய்திருக்கிறார்கள். சின்னக் குழந்தைக்கான மருந்து என்பதால் லேசாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது ஆபத்து.

எட்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று மருத்துவர் சொன்னால், 120 மில்லிகிராம் வேண்டும். டிராப்ஸில் அது 1.2 மில்லி. 120 சிரப்பில் 5 மில்லி. 250 சிரப்பில் 2.4 மில்லி. சிரப் என்று நினைத்து டிராப்ஸை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போகிறது. பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை அது. தலைகீழாக, டிராப்ஸ் அளவான 1.2 மில்லியைச் சிரப்பில் கொடுத்தால் 29 மில்லிகிராம்கூடத் தேறாது. காய்ச்சல் இறங்காது. உடனே மருந்து சரியில்லை என்று அடுத்த மருந்துக்குத் தாவுவார்கள்.

பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். முதல் நாள் குழந்தை பெரும்பாலும் நன்றாகவே விளையாடிக்கொண்டிருக்கும், பாதிப்பு பிறகுதான் தெரியவரும். அதனால், அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பாராசிட்டமாலின் நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது, முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவில் இந்தக் குழப்பத்துக்காகவே 2011-இல் குழந்தைகளுக்கான திரவ பாராசிட்டமாலை 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்று ஒரே செறிவுக்குக் கொண்டுவர உற்பத்தியாளர்கள் முடிவெடுத்தார்கள். நம் ஊரிலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை லேபிளைப் பார்த்து ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பதுதான் வழி. அப்புறம், டிராப்ஸுடன் வரும் சொட்டுக்குழாயையும் சிரப்புடன் வரும் மூடியையும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம்.

வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டிலும் இதே கதைதான். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது, சிறியது 200 மில்லிக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி கரைத்தால் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கும். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீரில் கொட்டினால் அது 375 ஆகிவிடும். நம் ரத்தத்தில் இருப்பதே 135 முதல் 145 வரைதான். வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைக்கு அந்த உப்புக் கரைசல் பெரும் கேடு.

இன்சுலின் போடுபவர்கள் வீட்டிலும் இதைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. பேனா ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை உறிஞ்சினால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ அது போதும். 40 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச் வாங்கிவிட்டாலோ, 20 கோட்டில் 8 யூனிட்தான் வரும், சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் எடுக்கவே எடுக்காதீர்கள். வெளியூரில் அவசரத்துக்குச் சிரிஞ்ச் வாங்க நேர்ந்தால், இன்சுலின் பாட்டிலின் பெட்டியைக் கடைக்காரரிடம் காட்டி, இரண்டிலும் ஒரே எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.