தானே பால் காய்ச்சிக் குடிக்கும் பிள்ளை

ரோல்ட் டால் எழுதி 1988-இல் வெளிவந்த ‘மட்டில்டா’ நாவலில் ஒரு காட்சி. நான்கு வயதுச் சிறுமி மட்டில்டா வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரு பெட்டியைத் தூக்கி வந்து அதன்மேல் ஏறி நின்று, அடுப்பில் பாலைச் சுடவைத்துச் சாக்லேட் கலக்கிக்கொள்கிறாள். கோப்பையோடு மாடி அறைக்குப் போய், நூலகப் புத்தகத்தைப் பிரிக்கிறாள்.

சின்ன வயதில் படித்தபோது அவள் மேல் பொறாமையாக இருந்தது. குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக ஆன பிறகுதான் அந்தப் பெட்டி என் கண்ணில் பட்டது. அடுப்பு எட்டாத பிள்ளை அடுப்பு மூட்டுகிறாள், பார்க்க ஆளில்லை.

மட்டில்டாவின் அம்மா வாரத்தில் ஐந்து மதியம் பிங்கோ ஆடப் போய்விடுகிறார். அப்பா பழைய கார் வியாபாரி. புத்தகம் கேட்டால், டிவி இருக்கும்போது புத்தகம் எதற்கு என்கிறார். பள்ளியில் சேர்க்கவே மறந்து, ஐந்தரை வயதில்தான் அனுப்புகிறார்கள். அவளைப் பட்டினி போடவில்லை. ஆனால் அவள் ஒருத்தி இருப்பதையே யாரும் கவனிக்கவில்லை. அதுவும் புறக்கணிப்புதான்.

என்னிடம் வருபவர்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். நன்றாகப் படிப்பார்கள், அடம் பிடிக்க மாட்டார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி அடிக்கடி வயிற்றுவலி என்று வந்தாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. “இவளால எங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது மேடம். தானே எழுந்து, தானே கிளம்பிடுவா” என்றார் அம்மா, பெருமையோடு. நான் பிள்ளையிடம் கேட்டேன்: “போன தடவை காய்ச்சல் வந்தப்ப யார்கிட்டடா சொன்னே?”

“சொல்லலை. டப்பால மாத்திரை இருந்துச்சு.”

அம்மாவின் கை, பையின் ஜிப்பில் அப்படியே நின்றுவிட்டது. கெட்ட அம்மா இல்லை அவர். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு. பிள்ளை எதுவும் கேட்கவில்லை என்றால் அதற்கு எதுவும் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நாவலில் வரும் நூலகர் ஃபெல்ப்ஸ் எனக்கு மிகவும் பிடித்தவர். அவர்தான் மட்டில்டா கையில் டிக்கன்ஸின் நாவலைக் கொடுக்கிறார். ஆனால் பிள்ளை தினமும் தனியாக நடந்து வருவது தெரிந்தும், அடுத்தவர் பிள்ளை விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று இருந்துவிடுகிறார். இந்த ஒரு இடத்தில் அவரோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நம் தெருவில், நம் அபார்ட்மென்ட்டில் அப்படி ஒரு பிள்ளை கண்ணில் பட்டால் நின்று பேசுங்கள். “சாப்பிட்டியா” என்பதோடு விடாமல், “இன்னைக்கு என்னடா நடந்துச்சு” என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

வயிற்றுவலி என்று வந்த அந்தப் பெண்ணுக்கு இந்த நாவலைப் படிக்கக் கொடுத்தேன். மட்டில்டா தன் அப்பாவின் தொப்பியில் பசை தடவும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாளாம். சரி, எந்த இடம் ரொம்பப் பிடித்தது என்று கேட்டேன். தொப்பியைச் சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“ஹனி டீச்சர் ராத்திரி மட்டில்டா வீட்டுக்கே போய், அவ அப்பா அம்மாகிட்ட அவளைப் பத்திப் பேசுவாங்கல்ல, அது” என்றாள்.