மை கம்ப்யூட்டர்: என் கணினியா, இந்தக் கணினியா?

கணினியில் வைத்த கோப்பு எங்கே என்று தருமபுரியில் யாரிடம் கேட்டாலும், "மை கம்ப்யூட்டர்ல போய்ப் பாருங்க" என்றுதான் பதில் வரும். விண்டோஸ் திரையில் அந்தப் பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பேச்சில் மட்டும் அப்படியே நிற்கிறது.

பேருந்து நிலையத்தைச் சுற்றி ஜெராக்ஸ் கடைகளும் இ-சேவை மையங்களும் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றில் என் காதில் விழுந்த பேச்சு இது. கடைத் தம்பி போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணா, உங்க மை கம்ப்யூட்டரை ஓபன் பண்ணுங்க. டி டிரைவ் தெரியுதுங்களா?" போன் ஸ்பீக்கரில் இருந்தது. "மை கம்ப்யூட்டர் இல்லீங்களே தம்பி, திஸ் பிசின்னு ஒண்ணு இருக்குது." "அதேதாங்ணா, அதைத் தட்டுங்க."

'உங்க மை கம்ப்யூட்டர்' என்பதை அப்படியே தமிழில் போட்டால் 'உங்கள் என் கணினி' என்று வரும். ஆனால் பேசியவருக்கும் குழப்பமில்லை, கேட்டவருக்கும் குழப்பமில்லை. 'மை' அங்கே 'என்' என்ற பொருளை இழந்து, ஒரு பெயரின் முன்பாதியாக ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, ஏன் மாறியது, தமிழில் எப்படிச் சொன்னால் சரி என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் 'கம்ப்யூட்டர்'. ஆங்கிலத்தில் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அப்போது அது இயந்திரத்தைக் குறிக்கவில்லை, கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூட வானியல் நிலையங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் அது ஒரு வேலையின் பெயர். தமிழில் கணி என்ற வேரும் அப்படித்தான். நாளும் கோளும் கணிப்பவர் கணியர். அந்த வேரிலிருந்துதான் கணிப்பொறியும் பின்னால் கணினியும் வந்தன. பாடநூல்களில் இன்று கணினி நிலைத்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பேச்சில் அது 'சிஸ்டம்': "சிஸ்டம் ஆன் பண்ணு", "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு".

அடுத்து 'மை'. தொடக்க காலக் கணினிகள் நிறுவனத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொந்தம். ஒரே இயந்திரத்தைப் பலர் முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். 1970களின் பாதியில் தனி ஆட்கள் வாங்கக்கூடிய சிறு கணினிகள் வந்தன. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டது. பிசி என்பதன் முதல் எழுத்தே 'பர்சனல்', அதாவது ஓர் ஆளுக்கு உரியது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95, திரையின் இடது மேல் மூலையில் ஒரு ஐகானை வைத்து அதற்கு மை கம்ப்யூட்டர் என்று பெயரிட்டது. கூடவே மை பிரீஃப்கேஸ் என்று ஒரு பெட்டி. பிறகு மை டாக்குமெண்ட்ஸ், மை பிக்சர்ஸ், மை மியூசிக் என்று அந்தக் குடும்பம் பெருகியது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் எங்கு பார்த்தாலும் 'மை'தான்.

எக்ஸ்பியின் மை கம்ப்யூட்டர் சாளரத்தைத் திறந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். மேலே தலைப்பு 'மை கம்ப்யூட்டர்'. உள்ளே முதல் பிரிவின் பெயரோ 'இந்தக் கணினியில் உள்ள கோப்புகள்' என்ற பொருளில் இருக்கும். அதற்குக் கீழே எல்லாருக்கும் பொதுவான ஒரு கோப்புறை, அப்புறம் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்புறை. செல்வி என்ற பெயரில் ஒருவர் கணக்கு வைத்திருந்தால், அவருக்கு மை டாக்குமெண்ட்ஸ் என்று தெரிவதே அடுத்தவர் நுழையும்போது 'செல்வியின் ஆவணங்கள்' என்ற பொருளில் தெரியும். ஒரே கோப்புறைக்குப் பார்ப்பவரைப் பொறுத்து இரண்டு பெயர். 'என்' என்று பெயர் வைத்துவிட்டால் யாருடைய 'என்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்விக்கு விண்டோஸ் அன்று கண்டுபிடித்த பதில் இது. எனக்கு மிகவும் பிடித்த பதில்.

2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் 'மை' உதிர்ந்தது. வெறும் கம்ப்யூட்டர், வெறும் டாக்குமெண்ட்ஸ். 2013இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து அது 'திஸ் பிசி'. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அதே பெயர்தான். ஆப்பிள் தரப்பில் இந்த ஊசலாட்டம் பெரிதாக இல்லை. மேக் திரையில் வட்டின் (டிஸ்க்) பெயர் இருக்கும், பட்டியலில் 'இந்த மேக் பற்றி' என்று இருக்கும். யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழி வந்தவற்றில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் இல்லம் உண்டு, பெயரும் இல்லம்தான்.

சரி, தமிழுக்கு வருவோம்.

நாம் எதற்கு 'என்' சொல்கிறோம், எதற்கு 'எங்கள்' சொல்கிறோம்? கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத ஒற்றைப் பிள்ளைகூட "எங்க அம்மா", "எங்க வீடு" என்றுதான் சொல்லும். "என் வீடு" என்று ஒருவர் சொன்னால் அதில் ஒரு வழக்கோ கோபமோ இருப்பதாகத் தோன்றும். என் பேனா, என் சட்டை, என் செருப்பு என்று கையோடும் உடம்போடும் இருப்பவற்றுக்குத்தான் 'என்' இயல்பாக வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குறிப்பாக ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம், தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் பல. தெலுங்கில் கேளுங்கள், "மா இல்லு" என்பார்கள், அதாவது எங்கள் வீடு. கன்னடத்தில் "நம்ம மனெ". மூன்று மொழிகளிலும் வீடு பன்மைக்குத்தான் சொந்தம்.

கணினி இதில் எந்தப் பக்கம்? மேசை மேல் இருக்கும் பெரிய கணினி "எங்க வீட்டு சிஸ்டம்". அதையே மடியில் வைக்கிற அளவுக்குச் சுருக்கினால் "என் லேப்டாப்". சட்டைப் பைக்குள் போனால் சந்தேகமே இல்லாமல் "என் போன்". அதாவது, பலர் சேர்ந்து பார்த்த மேசைக் கணினிக்கு விண்டோஸ் 'என்' என்று பெயர் வைத்தது. ஆளுக்கொரு மடிக்கணினி வரத் தொடங்கியபோது அந்த 'என்'னை எடுத்துவிட்டது. நம் பேச்சு வழக்கு இதற்கு நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது.

தமிழ்நாட்டில் 'என் லேப்டாப்' என்ற சொற்றொடர் கிராமம் வரை பரவியதற்கு ஒரு தேதியே சொல்லலாம். 2011 செப்டம்பர் 15 அன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் முதன்முதலில் நுழைந்த கணினி அதுதான். மூடியில் அன்றைய முதலமைச்சரின் படம் இருந்தது. கொடுத்தது அரசு, பெற்றது ஒரு மாணவர், பயன்படுத்தியது வீடு முழுக்க. ஆனாலும் அந்த மாணவருக்கு அது "என் லேப்டாப்". அந்த உரிமையுணர்வு சின்ன விஷயமில்லை. தன் பெயரில் ஒரு கணக்கு, தனக்கென ஒரு கடவுச்சொல், தான் எழுதியதை வைக்க ஒரு கோப்புறை என்று பதினாறு பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது.

இலக்கணத்திலும் இதற்கு இடமிருக்கிறது. ஆறாம் வேற்றுமையின் பொருளையே நம் இலக்கணிகள் கிழமை என்றார்கள். கிழமை என்றால் உரிமை. அதை இரண்டாகப் பிரித்தார்கள். 'என் கை' என்பது தற்கிழமை, என்னை விட்டுப் பிரிக்க முடியாதது. 'முருகனது வேல்' பிறிதின்கிழமை, பிரிக்கக்கூடிய உடைமை. கணினி பிறிதின்கிழமை என்பதில் ஐயமில்லை. விற்கலாம், கொடுக்கலாம், பழுது பார்க்க விட்டுவிட்டு வரலாம்.

அடுத்து 'எனது'. கணினித் தமிழாக்கங்களில் 'எனது' தாராளமாகப் புழங்குகிறது. எனது கோப்புகள், எனது படங்கள், எனது தொடர்புகள் என்று பல செயலிகளில் பார்க்கலாம். ஆனால் 'அது' என்ற உருபு அஃறிணை ஒருமைக்கு உரியது. நன்னூல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒருமைக்கு அது, ஆது, பன்மைக்கு அ. ஆக, எனது கணினி சரி. எனது கோப்புகள் என்பது ஒருமை உருபைப் பன்மையோடு கட்டுவது. இலக்கணப்படி 'என கோப்புகள்' என்று வர வேண்டும், ஆனால் இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை. 'எனது நண்பர்கள்' இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது, உயர்திணைக்கு 'அது' பொருந்தாது. இதற்கெல்லாம் எளிய தீர்வு இருக்கிறது. உருபையே விட்டுவிட்டு 'என்' என்று எழுதினால் ஒருமை, பன்மை, உயர்திணை, அஃறிணை எல்லாவற்றுக்கும் பொருந்தும். என் கணினி, என் கோப்புகள், என் நண்பர்கள். பொத்தானில் இடமும் மிச்சம். இன்றைய உரைநடையில் எனது பரவிவிட்டது உண்மை, அதற்காகக் கட்டுரை எழுதுபவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். லட்சக்கணக்கானவர்கள் தினமும் பார்க்கும் பொத்தானில் மட்டும் சரியானதையே வைக்கலாம் என்பது என் கருத்து.

ஆகவே, மை கம்ப்யூட்டர் என்பதற்குத் தமிழ் 'என் கணினி'. திஸ் பிசி என்பதற்கு 'இந்தக் கணினி'. 'இக்கணினி' என்றும் எழுதலாம், ஆனால் முதன்முறை கணினி முன் உட்காருபவருக்கு 'இந்தக் கணினி'யே எளிது. 'இந்தத் தனிநபர் கணினி' என்று பிசியை முழுதாக விரித்து எழுதத் தேவையில்லை.

இந்த இரண்டில் எது நல்ல பெயர் என்று கேட்டால், பொது இடத்துக் கணினிக்கு 'இந்தக் கணினி'தான் என்பேன். இ-சேவை மையத்துக் கணினியின் டி டிரைவைப் பாருங்கள்: பட்டா, மாமா பில், செல்வி கம்யூனிட்டி, நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2. வருகிறவர் போகிறவர் கோப்பெல்லாம் அங்கே கிடக்கிறது. அந்தத் திரையில் 'என் கணினி' என்று எழுதியிருந்தால் அது யாருக்கும் உண்மையில்லை. அதை நம்பித் தன் சான்றிதழை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறவருக்கு ஆபத்தும் கூட. சொந்தக் கணினி என்றால் கதை வேறு. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் பொறிப்பதுபோல அதற்கும் நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். அந்த ஐகானைத் தேர்ந்தெடுத்து எஃப்2 விசையை அழுத்தி, 'என் கணினி' என்றோ 'எங்க வீட்டுக் கணினி' என்றோ தமிழிலேயே அடித்தால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். தெரிந்தவர்கள் கணினியில் இதைச் செய்து கொடுத்தால் அவர்கள் முகத்தில் வரும் மகிழ்ச்சி தனி.

யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதும் இதில் அடங்கும். 'என்' என்று எழுதியிருந்தால் பேசுவது பயனர், 'உங்கள்' என்று எழுதியிருந்தால் பேசுவது கணினி. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும். தமிழில் வினைச்சொல்லிலும் தெரியும். பொத்தானில் சேமி, திற, மூடு என்று இருக்கிறது. அது நாம் கணினிக்கு இடும் ஏவல், அதனால் மரியாதை விகுதி இல்லை. கடவுச்சொல்லை உள்ளிடவும் என்று வருவது கணினி நம்மிடம் சொல்வது, அதனால் பணிவு. பொத்தானில் 'சேமிக்கவும்' என்று எழுதினால் கணினி நமக்கு வேலை சொல்வதுபோல் ஆகிவிடும். மரியாதை என்று நினைத்துச் சிலர் அப்படி மொழிபெயர்க்கிறார்கள். வேண்டாம். கணினியை ஏவும் இடத்தில் 'சேமி' என்பதே சரி.

இப்போது 'மை' திரும்ப வந்திருக்கும் இடம் மேகக்கணிமை, அதாவது நம் கோப்புகளை இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் வைப்பது. 2012இல் தொடங்கிய கூகுள் டிரைவில் நம் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு மை டிரைவ் என்று பெயர். அந்த வட்டு எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கிறது, அது நம்முடையது இல்லை. மென்பொருளும் அப்படித்தான். விண்டோஸ் உரிம ஒப்பந்தமே, இது விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்கிறது. 2009 ஜூலையில் அமேசான், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய சில மின்னூல்களை அவர்களுடைய கிண்டில் என்ற மின்னூல் படிக்கும் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பதிப்பித்தவருக்கு அவற்றை விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது, பிறகு அந்த நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. ஆனால் கையில் இருக்கும் கருவிக்குள்ளேயே எது நம்முடையது, எது இல்லை என்பது அன்று பலருக்கு விளங்கியது.

அதனால் மை டிரைவைத் தமிழாக்கும்போது 'என் டிரைவ்' என்றோ 'எனது இயக்ககம்' என்றோ எழுத எனக்கு மனம் வரவில்லை. 'என் கோப்புகள்' என்று எழுதுவேன். வட்டு கூகுளுடையது. அதில் ஏற்றி வைத்த பட்டா நகலும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும் ஏற்றியவருடையவை. கூகுளின் விதிமுறைகளும் அதையே சொல்கின்றன.