ஒரு கேள்வியை விட்டு எப்போது நகர்வது?

யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் முதல் கட்டமான பிரிலிம்ஸ் நெருங்கும் மாதங்களில், கோச்சிங் சென்டர்கள் நிறைந்த டெல்லி ஓல்ட் ராஜேந்திர நகரில் ஞாயிறு மாக் டெஸ்ட் முடிந்து டீக்கடைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் "எப்படிப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "டைம் பத்தலண்ணா" என்பதுதான் பலருடைய பதில். 100 கேள்வி, 120 நிமிடம். ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பப் பத்து நிமிடம் கழித்தால் கேள்விக்கு 66 விநாடி. இந்தக் கணக்கைப் பார்த்ததும் எல்லோரும் வேகமாக வாசிக்கப் பழகத் தொடங்குகிறார்கள். ஆனால் நேரம் தின்னப்படுவது பெரும்பாலும் வேறு இடத்தில்: ஏழெட்டுக் கேள்விகளில் மூன்று நிமிடம், நான்கு நிமிடம் என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

இதற்கு உதவும் ஒரு கணக்கு கோச்சிங் சென்டரிலிருந்து வரவில்லை, சூழலியலிலிருந்து வந்தது. சூழலியலாளர் எரிக் சார்னோவ் 1976-ல் ஒரு கேள்விக்கு விடை தேடினார். ஒரு பறவை புதரில் பழம் தின்கிறது. வந்தவுடன் நிறையக் கிடைக்கிறது, போகப் போகத் தேடித் தேடித் தின்ன வேண்டியிருக்கிறது. அடுத்த புதருக்கு எப்போது கிளம்ப வேண்டும்? கடைசிப் பழம் தீரும்வரை இருந்தால் நஷ்டம். காடு முழுக்கச் சுற்றினால் நிமிடத்துக்குச் சராசரியாக எவ்வளவு கிடைக்குமோ, இந்தப் புதரில் கிடைப்பது அந்த அளவுக்கு இறங்கியதும் பறந்துவிட வேண்டும் என்பது அவர் கண்ட விடை.

இதையே தேர்வுக்குப் போட்டுப் பார்க்கலாம். 2023 பிரிலிம்ஸில் பொதுப் பிரிவு கட் ஆஃப் 75.41. நீங்கள் 90 மதிப்பெண் குறி வைக்கிறீர்கள் என்றால், 120 நிமிடத்துக்கு நிமிடம் 0.75 மதிப்பெண். அதுதான் உங்கள் 'காட்டின்' சராசரி. சரியான விடைக்கு 2, தவறானால் அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். நான்கில் இரண்டு விடைகளைக் கழித்துவிட்டு, மீதி இரண்டுக்கு நடுவே தவிக்கிறீர்கள். அந்த நொடியிலேயே கண்ணை மூடி ஒன்றைக் குறித்தாலும் சராசரியாக 0.67 கையில் இருக்கிறது. இன்னும் இரண்டு நிமிடம் யோசித்து விடை உறுதியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் லாபம் 1.33 மட்டும்தான், நிமிடத்துக்கு 0.67. சராசரியைவிடக் குறைவு! விடை கிடைத்தும் நஷ்டம். கிடைக்காமல் போனால் சொல்லவே வேண்டாம்.

சார்னோவின் இந்தத் தேற்றத்துக்கு இன்னொரு பாதி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. புதர்களுக்கு நடுவே தூரம் அதிகமானால் ஒவ்வொரு புதரிலும் கொஞ்சம் கூடுதலாகத் தங்குவதுதான் லாபம். மதியம் 2.30-க்குத் தொடங்கும் சிசாட் என்ற திறனறித் தாளில் நீண்ட பத்திகள் வருகின்றன. பத்தியைப் படித்து முடிப்பதுதான் அந்தத் தூரம். அதைக் கடந்து வந்தபின் பாதியில் விட்டுவிட்டு ஓடினால், திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். ஆகவே காலையில் பொது அறிவுத் தாளில் சீக்கிரம் நகருங்கள், மதியம் பத்திக் கேள்விகளில் இருந்து முடித்துவிட்டு நகருங்கள். 'எல்லாத் தாளுக்கும் ஒரே ஸ்ட்ராட்டஜி' என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

பிரிலிம்ஸ் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருவதால், தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்தத் தூரம் இன்னும் கூடுகிறது. அவர்கள் ஒரு கேள்வியை ஒத்திவைக்கும்போது, கேள்வி எண்ணையும் கழித்துவிட்ட விடைகளையும் ரஃப் ஒர்க் பக்கத்தில் குறித்துவைத்தால், திரும்பி வரும் செலவு பாதியாவது மிச்சமாகும்.

சரி, கணக்கு புரிகிறது. அப்புறம் ஏன் நகர முடியவில்லை? 2008-ல் பிலாலிச், மெக்லியாட், கோபெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் சதுரங்க வீரர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். பழக்கமான ஒரு தீர்வைக் கண்ட வீரர்கள், "இதைவிட நல்லது தேடுகிறேன்" என்றார்கள். கண்களோ முதல் தீர்வின் கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தன. நாமும் ஒரே பாதையைத்தான் திரும்பத் திரும்ப மிதிக்கிறோம், யோசிப்பதாக நினைத்துக்கொண்டு. விட்டுவிட்டுப் பிறகு வந்தால் அந்தப் பிடி தளர வாய்ப்புண்டு. கூடவே, கவனம் ஒன்றில் மூழ்கியிருக்கும்போது மூளை நேரத்தைக் குறைத்தே மதிப்பிடும். ஒரு நிமிடம் என்று தோன்றுவது மூன்றாக இருக்கலாம். யூபிஎஸ்சி சாதாரணக் கைக்கடிகாரத்தை அனுமதிக்கிறது, நீட் தேர்வில் அதுவும் கிடையாது. கடிகாரம் கையில் இருந்தால் 25, 50, 75-ஆவது கேள்விகளில் மட்டும் பார்த்தால் போதும். அடிக்கடி பார்ப்பது பதற்றத்தைத்தான் கூட்டும்.

கடைசி நிமிடங்களில் விடையை மாற்றலாமா? "முதலில் தோன்றியதே சரி" என்ற நம்பிக்கையை உளவியலாளர் க்ரூகர் குழுவினர் 2005-ல் மாணவர்களின் விடைத்தாள்களில் அழிப்பான் தடங்களை எண்ணிச் சோதித்தார்கள். மாற்றங்களில் 51 சதவீதம் தவறிலிருந்து சரிக்குப் போயிருந்தன, 25 சதவீதம்தான் சரியிலிருந்து தவறுக்கு. ஆனால் அது பென்சில் தேர்வு. பிரிலிம்ஸிலோ கருப்புப் பால்பாயிண்ட் பேனா, நிரப்பிய வட்டத்தை அழிக்க வழியில்லை. தெரிந்த விடைகளைப் பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டே போங்கள். சந்தேகமானவற்றின் வட்டங்களை இரண்டாம் சுற்று முடியும்வரை காலியாக விடுங்கள்.