ஆறு மீட்டர் கூடுதல் தூரம்

1961இல் அமெரிக்க பேஸ்பாலில் ராஜர் மாரிஸ் ஒரே பருவத்தில் 61 ஹோம் ரன் (பந்தை மைதான வேலிக்கு வெளியே பறக்கவிடும் அடி) அடித்தார். அடுத்த 36 ஆண்டுகளில் அந்த எண்ணை ஒருவரும் தொடவில்லை. பிறகு 1998 முதல் 2001 வரையான நான்கே பருவங்களில் அது ஆறு முறை தாண்டப்பட்டது. தாண்டியவர்கள் மூன்றே பேர்: மார்க் மெக்வயர் (70, 65), சாமி சோசா (66, 63, 64), பேரி பாண்ட்ஸ் (73). அதன்பின் மறுபடியும் 20 ஆண்டுகள் யாரும் இல்லை. 2022இல்தான் ஆரன் ஜட்ஜ் 62 அடித்தார்.

மெக்வயர் ஸ்டீராய்டு எடுத்ததை 2010இல் ஒப்புக்கொண்டார். தெரிந்து எடுத்ததில்லை என்பது பாண்ட்ஸின் பதில். சோசா அந்தச் சொல்லைச் சொல்லி எதையும் ஒப்புக்கொண்டதில்லை. இவர்களின் சாதனைகளை ஏற்பதா வேண்டாமா என்பது அமெரிக்க பேஸ்பாலில் இன்றுவரை ஓயாத சண்டை. அறிவியலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளாமல் இதில் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் பாதி வாதம் வெறும் கோபமாகவே இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் மருத்துவர் எழுதித் தரும் பிரெட்னிசோலோனும் ஸ்டீராய்டுதான். ஆனால் அது கார்ட்டிசோல் குடும்பம். நீண்ட நாள் எடுத்தால் தசையைக் கரைக்கும். வீரர்கள் தேடுவது அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது டெஸ்டோஸ்டிரோனும் அதன் உடன்பிறப்புகளும். இவை தசையைக் கட்டும். வேதிக் கட்டமைப்பில் நான்கு வளையங்கள் இரண்டுக்கும் பொது, வேலை நேர் எதிர்.

டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பில் கரையும். அதனால் செல் சவ்வு அதற்குத் தடையே இல்லை. உள்ளே நுழைந்து ஆண்ட்ரோஜன் ஏற்பியுடன் ஒட்டிக்கொள்கிறது; இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் போய், புரதம் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. தசை நாரின் ஓரத்தில் தூங்கிக்கிடக்கும் துணைச் செல்களும் விழித்து நாரோடு கலக்கின்றன. ஒவ்வொன்றும் கலக்கும்போது நாருக்கு ஒரு புது உட்கரு கிடைக்கிறது. இந்தப் புது உட்கருக்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டனை பற்றிப் பேசும்போது இவை திரும்ப வரும்.

எவ்வளவு பலன் என்பதற்கு நல்ல அளவுகோல் 1996இல் ஷலேந்தர் பாசின் குழு வெளியிட்ட ஆய்வு. 43 ஆண்கள், 10 வாரம். மருந்து பெற்றவர்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட். உடல் இயல்பாகச் சுரப்பதைப் போலப் பல மடங்கு இது. வெற்று ஊசியோடு எடை தூக்கிப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பில்லா எடை 1.9 கிலோ கூடியது. பயிற்சியே இல்லாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 3.2 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. இரண்டாவது எண்ணில் கொஞ்சம் நின்று போக வேண்டும். மருந்து மட்டும் எடுத்துச் சும்மா இருந்தவருக்கு, வியர்வை சிந்தியவரைவிட அதிகத் தசை சேர்ந்திருக்கிறது. 'ஊசி போட்டால் போதுமா, உழைக்க வேண்டாமா?' என்ற வழக்கமான சமாதானம் இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

சரி, தசை கூடினால் பந்து ஏன் தூரம் போக வேண்டும்? மட்டைக்கும் பந்துக்கும் இடையிலான மோதல் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. கையின் பிடியிலிருந்து எழும் உந்தம் மட்டை முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிவிடும். ஆகவே மோதும் நேரத்தில் புஜபலம் எந்த வேலையும் செய்வதில்லை. அது வேலை செய்வது அதற்கு முன்பு, மட்டையை வேகமாகச் சுழற்றும் ஒரு சிறு பொழுதில்.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராஜர் டோபின் 2008இல் இதைக் கணக்குப் போட்டார். தசை 10 சதவீதம் கூடினால் மட்டையின் வேகம் 5 சதவீதம் கூடும். பந்து கிளம்பும் வேகம் 4 சதவீதம் கூடும். கேட்பதற்கு அற்பம். மணிக்கு 160 கிலோமீட்டரில் கிளம்ப வேண்டிய பந்து 166இல் கிளம்புகிறது. தூரத்தில் இது ஆறு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் தரும். ஆனால் பேஸ்பால் மைதானத்தின் வேலி பொதுவாக 100 முதல் 122 மீட்டரில் இருக்கிறது. நன்றாக அடிக்கப்பட்ட பந்துகளில் ஏராளமானவை வேலிக்குச் சில மீட்டர் முன்னால் விழுந்து பிடிபடுபவை. அவற்றில் ஒரு பகுதி இப்போது வேலி தாண்டும். டோபினின் கணக்குப்படி 4 சதவீத வேகம் ஹோம் ரன் எண்ணிக்கையை 50 முதல் 100 சதவீதம் வரை உயர்த்தக்கூடும். பந்துவீச்சாளருக்கு அதே 10 சதவீதத் தசை, பந்தின் வேகத்தை மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் கூட்டும். அவர் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் ரன்களில் ஆட்டத்துக்கு அரை ரன் மிச்சமாகும். அது நல்ல லாபம்தான், ஆனால் இரட்டிப்பு இல்லை. உச்சத்தில் நிற்பவர்களுக்குத்தான் சிறு தள்ளல் பெரிய எண்ணாக மாறுகிறது. சாதனைப் பட்டியல் குலைந்ததும் இதனால்தான்.

இதில் பேசப்படாத இன்னொரு பலன், களைப்பு தீர்வது. பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீகில் ஆறு மாதத்தில் 162 ஆட்டம். ஓய்வு நாள் அபூர்வம். கடும் உழைப்புக்குப் பின் தசையை அரிக்கும் கார்ட்டிசோலின் வேலையை டெஸ்டோஸ்டிரோன் மட்டுப்படுத்துகிறது. ஏப்ரல் மாத வலு ஆகஸ்டிலும் இருக்கும். தண்டனை பெற்றவர்களில் பந்துவீச்சாளர்களும் நிறையப் பேர் இருப்பது இதனாலும் இருக்கலாம்.

உடல் இதற்கான விலையை வாங்காமல் விடுவதில்லை. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்தால் மூளையின் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் 'போதும்' என்று விரைகளுக்குத் தரும் கட்டளையை நிறுத்துகின்றன. விரைகள் சுருங்குகின்றன, விந்தணு குறைகிறது. மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால் மார்பு வீங்கலாம். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் சரிகிறது, ரத்தம் தடிக்கிறது, இதயத்தின் இடது கீழறைச் சுவர் பருக்கிறது. மாத்திரை வடிவம் கல்லீரலைப் பதம் பார்க்கும், ஏனென்றால் கல்லீரல் எளிதில் உடைக்க முடியாதபடி அந்த மூலக்கூறைத் திருத்தியிருப்பார்கள். மருந்தை நிறுத்தும்போது சொந்தச் சுரப்பு உடனே திரும்பாது. 1996இல் நேஷனல் லீகின் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) சிறந்த வீரரான கென் காமினிட்டி 2002இல் பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னது இதைத்தான்: விரைகள் சுருங்கின, டெஸ்டோஸ்டிரோன் அளவு இயல்பில் 20 சதவீதத்துக்கு இறங்கியது. நின்றுபோன சுரப்பை எழுப்ப, பெண்களுக்கான கருத்தரிப்புச் சிகிச்சையில் பயன்படும் எச்சிஜி ஹார்மோனைச் சிலர் நாடுவார்கள். அதனால் ஆணின் சிறுநீரில் எச்சிஜி தென்பட்டால் கேள்வி எழும். 2009இல் மேனி ராமிரெஸ் 50 ஆட்டத் தடை பெற்றது அந்த மருந்துக்காக.

விதிமுறையின் வரலாறு, வெட்கப்படும் அளவுக்குத் தாமதமானது. 1990இல் அமெரிக்கச் சட்டம் அனபாலிக் ஸ்டீராய்டுகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1991இல் பேஸ்பால் ஆணையர் ஃபே வின்சென்ட் இவை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். பரிசோதனை இல்லை, வீரர் சங்கம் சம்மதிக்கவில்லை. 1998இல் மெக்வயரின் அலமாரியில் ஒரு நிருபர் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் புட்டியைப் பார்த்தார். உடலுக்குள் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடிய பொருள். ஒலிம்பிக்கில் அது தடைசெய்யப்பட்டிருந்தது, பேஸ்பாலில் இல்லை. 2003இல் பெயர் வெளியிடாத சோதனை நடந்தது. 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் மறு ஆண்டு முதல் நிரந்தரச் சோதனை என்பது ஒப்பந்தம், சிக்கினார்கள். முதல் தவறுக்கு 2005இல் 10 நாள் தடை, 2006இல் 50 ஆட்டம், 2014இலிருந்து 80. இரண்டாவதற்கு 162, மூன்றாவதற்கு நிரந்தரத் தடை. 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலின் 409 பக்க அறிக்கை 89 வீரர்களின் பெயரைச் சொன்னது.

சோதனையில் கஷ்டமான பகுதி, எல்லா ஆண்களின் உடலிலும் ஏற்கெனவே இருக்கும் பொருளைத் தேடுவது. டெஸ்டோஸ்டிரோனோடு எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற பொருளும் சிறுநீரில் வரும். பலருக்கும் விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் ஒரு பக்கம் மட்டும் உயரும். நான்குக்கு ஒன்றைத் தாண்டினால் சந்தேகம். இதை ஏமாற்ற, பால்கோ என்ற கலிபோர்னியா நிறுவனம் இரண்டையும் கலந்த களிம்பையே விநியோகித்தது. தவிர, மரபணுவும் விளையாடுகிறது. யூஜிடி2பி17 என்ற மரபணு இல்லாதவர்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சிறுநீரில் மிகக் குறைவாகவே வெளியேற்றுவார்கள். கிழக்கு ஆசியர்களில் இது அதிகம். 2008இல் வெளியான சுவீடன் ஆய்வில் 360 மில்லிகிராம் ஊசி போட்ட பிறகும் இப்படிப்பட்டவர்களில் 40 சதவீதம் பேர் அந்த நான்கு என்ற கோட்டை எட்டவே இல்லை. ஒரே மருந்து எடுத்த இருவரில் ஒருவர் மாட்டுவார், மற்றவர் தப்புவார்.

அதனால்தான் கார்பன் ஐசோடோப்புச் சோதனை வந்தது. தொழிற்சாலை டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களின் ஸ்டீரால்களிலிருந்து தயாராகிறது. அத்தாவரங்களில் கார்பன்-13 குறைவு. மனிதன் சாப்பிடுவதோ கலவை: மக்காச்சோளம், கரும்புச் சர்க்கரை, மக்காச்சோளம் தின்ற மாட்டின் இறைச்சி. அவற்றில் கார்பன்-13 கூடுதல். எனவே உடல் தானே செய்த ஹார்மோனும் ஆலையில் செய்ததும் எடையில் இம்மியளவு வேறுபடும். அதே சிறுநீரிலுள்ள வேறொரு சொந்த ஸ்டீராய்டோடு ஒப்பிட்டு, ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் வெளிச்சரக்கு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த தந்திரம் இது. என்ன சாப்பிட்டாய் என்பதே சாட்சியாகிவிடுகிறது.

ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் எந்தக் கருவியும் உதவும். பால்கோவுக்காக வேதியியலாளர் பேட்ரிக் ஆர்னால்ட் உருவாக்கிய டிஎச்ஜி என்ற புது ஸ்டீராய்டு அன்றைய வழக்கமான ஆய்வு முறையில் சிதைந்துவிடும், அதனால் தடயம் தெரியாது. 2003இல் ஒரு தடகளப் பயிற்சியாளர், அந்த மருந்தின் மிச்சம் ஒட்டியிருந்த ஊசிக்குழாய் ஒன்றை அதிகாரிகளுக்கு அனுப்பிய பிறகே, லாஸ் ஏஞ்சலஸில் டான் கேட்லினின் ஆய்வகம் அந்த மூலக்கூறை அடையாளம் கண்டது.

கருவி சரியாக இருந்தும் வழக்கு சறுக்கலாம். 2011 அக்டோபரில் ரயன் பிரான் என்ற வீரரின் சிறுநீர் மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் விகிதம் எகிறியது. மாதிரியை எடுத்தவர் உடனே கூரியரில் சேர்க்காமல் ஏறத்தாழ இரண்டு நாள் தன் வீட்டில் வைத்திருந்தார். முத்திரை உடையவில்லை. ஆனாலும் நடைமுறை மீறல் என்பதால் 2012 பிப்ரவரியில் பிரான் தப்பினார். 2013இல் வேறு விசாரணையில் சிக்கி, 65 ஆட்டத் தடையை ஏற்று, 2011இல் தடைப் பொருள் எடுத்ததையும் ஒப்புக்கொண்டார். அவரைத் தப்பவிட்ட தீர்ப்பு தவறென்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் சோதனையில் சீசா யார் கையில் இருந்தது என்பது சின்ன விஷயமல்ல.

இனி கடினமான கேள்வி. ஏன் தடுக்க வேண்டும்? கிழிந்த முழங்கைத் தசைநாருக்குப் பதிலாக முன்கையிலிருந்து வேறொன்றை எடுத்துத் தைக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை 1974இலிருந்து நடக்கிறது. யாரும் அதை மோசடி என்பதில்லை. கார்ட்டிசோன் ஊசி போட்டு வலியை அடக்கி ஆடலாம். கவனக்குறைவு நோய்க்கென்று 2010களில் ஆண்டுதோறும் நூறு பேர் அளவில் ஊக்கி மருந்துக்கு விலக்கு பெற்றார்கள். 'இயற்கை' என்ற கோட்டை வைத்துக்கொண்டு பார்த்தால் இதெல்லாம் எந்தப் பக்கம் சேரும் என்று சொல்ல முடியாது. 'உடலுக்குக் கேடு' என்பதும் தனியாக நிற்காது. மணிக்கு 150 கிலோமீட்டரில் பந்து வீசுவதே தோளுக்குக் கேடுதான்.

உறுதியாக நிற்கும் காரணம் வேறு. பேஸ்பாலில் இடங்கள் எண்ணப்பட்டவை. 2021க்கு முன், மேஜர் லீகுக்கு வீரர்களை வளர்க்கும் மைனர் லீகின் கீழ்ப்படிகளில் ஒன்றான ஒற்றை-ஏ நிலை வீரருக்குக் குறைந்தபட்ச ஊதியம் வாரம் 290 டாலர், அதுவும் பருவம் நடக்கும்போது மட்டும். 2021இல் மேஜர் லீகில் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 5,70,500 டாலர். இடையில் இருப்பது பந்தின் வேகத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர். பக்கத்து லாக்கர்காரர் ஊசி போடுகிறார் என்று தெரிந்தால், ஊசி வேண்டாம் என்பவருக்கு இரண்டே வழி: தானும் போடுவது, இல்லையென்றால் ஊருக்குப் பேருந்து பிடிப்பது. எல்லோரும் போட்டுவிட்டால் முன்னிலை யாருக்கும் இல்லை, சுருங்கிய விரையும் பருத்த இதயமும் மட்டும் பொதுச் சொத்து. 'அவன் உடல், அவன் விருப்பம்' என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. ஒருவரின் விருப்பம் பக்கத்தில் இருப்பவரின் விருப்பத்தைத் தின்றுவிடுகிறது.

தண்டனை இதற்கு ஈடாகிறதா? மேலே சொன்ன உட்கருக்களுக்கு வருவோம். ஆஸ்லோவில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு 2013இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வில், இரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் பெற்ற எலிகளின் தசை நார் பருத்து, மருந்து நின்றபின் பழைய அளவுக்கு இறங்கியது. புது உட்கருக்கள் மட்டும் போகவில்லை. மூன்று மாதம் கழித்துத் தசைக்குச் சுமை ஏற்றியபோது அவை ஆறே நாளில் 30 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தன. மருந்தே காணாத எலிகள் அந்த வேகத்துக்குப் பக்கத்திலும் வரவில்லை. எலிக்கு மூன்று மாதம் நீண்ட காலம். மனிதரிலும் அப்படியே நடந்தால், 80 ஆட்டம் உட்கார்ந்து திரும்பும் வீரர் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

பணக் கணக்கும் அவ்வாறே. தடைக்காலச் சம்பளம் போகும். ஆனால் ஊக்கமருந்துக்காக அணி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. 2013இல் 50 ஆட்டத் தடை பெற்ற ஜானி பெரால்டா அதே ஆண்டு நவம்பரில் 4 ஆண்டுக்கு 5.3 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். சக வீரர்கள் சிலர் வெளிப்படையாகவே முணுமுணுத்தார்கள்.

மெல்கி கப்ரேராவின் 2012ஆம் ஆண்டு இந்தக் கணக்கின் மீதத்தைக் காட்டும். ஜூலையில், இரு லீகுகளின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்து ஆட்டநாயகன் ஆனார். நேஷனல் லீக் 8–0 என்று வென்றது. ஆகஸ்டில் டெஸ்டோஸ்டிரோனுக்காக 50 ஆட்டத் தடை. அவரது பேட்டிங் சராசரி .346இல் நின்றது; பருவ முடிவில் அந்த லீகின் முதலிடம் அதுதான். பட்டம் எனக்கு வேண்டாம் என்று அவரே சங்கம் வழியாகக் கேட்டுக்கொண்டார்; .336 வைத்திருந்த பஸ்டர் போசிக்குப் போனது. ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் வெல்லும் லீகுக்கே, இரு லீக் சாம்பியன்கள் மோதும் இறுதியான உலகத் தொடரை உள்ளூரில் தொடங்கும் உரிமை என்பது அப்போதைய விதி. அந்த அக்டோபரில் கப்ரேராவின் சான் பிரான்சிஸ்கோ அணி முதல் இரண்டு ஆட்டத்தையும் சொந்த மைதானத்தில் ஆடி, தொடரை 4–0 என்று வென்றது. கப்ரேரா அணியில் சேர்க்கப்படவில்லை. நவம்பரில் டொரண்டோ அவரை 2 ஆண்டுக்கு 1.6 கோடி டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டது.