உடல் ஏற்றுக்கொண்டது, நோய் திரும்பியது

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில், 23 வயதான ரொனால்டு ஹெரிக்கின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட சிறுநீரகம், 82 நிமிடங்கள் இரத்த ஓட்டமின்றி இருந்தபின், அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டின் இடுப்புப் பகுதியில் பொருத்தப்பட்டது. அறுவை மருத்துவர் ஜோசப் மர்ரி இரத்தக் குழாய்களின் கவ்விகளைத் தளர்த்தியதும் வெளிறிக் கிடந்த உறுப்பு சிவந்தது. சற்று நேரத்தில், தரையைத் துடைக்க வேண்டிய அளவுக்குச் சிறுநீர் பெருகியது. உலகில் நீடித்து வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று இதுவே.

அதுவரை அயலாரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்கள் நிலைக்கவில்லை. நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் அடையாள அட்டை போல நிற்கின்றன. அவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் உள்ளன. அட்டை மாறியிருந்தால் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த உறுப்பைப் பகையாகக் கருதித் தாக்கும். ஒரே கருமுட்டை பிளந்து பிறந்த இரட்டையருக்கு இந்த அட்டை ஒன்றே. ஹெரிக் சகோதரர்கள் அவ்வாறு பிறந்தவர்கள்தானா என்பதை உறுதி செய்ய, ரொனால்டின் தோலில் ஒரு துண்டை ரிச்சர்டுக்கு ஒட்டி, அது வாடாமல் நிலைத்ததைப் பார்த்த பிறகே மருத்துவர்கள் கத்தியை எடுத்தார்கள். கைரேகைகளையும் ஒப்பிட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மரபணு ஒன்றே என்றால், ரிச்சர்டின் சிறுநீரகங்களை அழித்த நாட்பட்ட அழற்சி ரொனால்டை ஏன் தொடவில்லை?

விடையின் ஒரு பகுதி அந்தக் கைரேகையிலேயே இருக்கிறது. இத்தகைய இரட்டையரின் ரேகைகள் ஒத்திருக்குமே தவிர ஒன்றாக இருப்பதில்லை, ஏனெனில் அவற்றின் நுண்விவரங்களைத் தீர்மானிப்பது கருப்பைச் சூழல். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானும் அப்படித்தான். சுமார் 36 வாரக் கர்ப்பத்தோடு அதன் உருவாக்கம் நின்றுவிடுகிறது. பொதுவாகவே, ஒரு சிறுநீரகத்தில் 2 லட்சம் நெஃப்ரான்கள் கொண்டவரும் உண்டு, 20 லட்சத்தைத் தாண்டியவரும் உண்டு. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில் ஒருவருக்கு இரத்தம் குறைவாகப் போனால், எடை குறைந்து பிறக்கும் அந்தக் குழந்தைக்கு நெஃப்ரான்களும், அவற்றோடு நோயைத் தாங்கும் திறனும் குறையக்கூடும்.

மற்றொரு பகுதி இன்னும் சுவையானது. கிருமிகளை எதிர்க்கும் புரதமான எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி அணுக்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) பிறக்கும்போது, சில மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து அடுக்கிக்கொள்கின்றன. இந்தக் கலைப்பு தற்செயலானது; ஆகவே இரட்டையரானாலும் இருவரின் எதிர்ப்பொருள் தொகுப்பு ஒன்றாக இருப்பதில்லை. போதாக்குறைக்கு இருவரையும் ஒரே கிருமி ஒரே நேரத்தில் தாக்குவதும் இல்லை. சிறுநீரக அழற்சிகளுள் பல, வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகளில் எதிர்ப்பொருள்கள் படிந்து உண்டாக்கும் சேதமே.

அப்படியானால் நோயின் ஊற்று சிறுநீரகத்துக்கு வெளியே இருக்கிறது. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் படிவதால் வரும் அழற்சி இதற்கு நல்ல சான்று: தானம் தந்தவரின் சிறுநீரகத்தில் அறியாமலே இந்தப் படிவு இருந்து, அதை நோயற்ற ஒருவருக்குப் பொருத்திவிட்டால், படிவு மெல்லக் கரைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள். மாறாக, நோயுள்ளவரின் உடலில் நலமான சிறுநீரகத்தை வைத்தால் படிவு மீண்டும் வரலாம்.

ரிச்சர்டுக்கும் அதுதான் நேர்ந்தது. தன்னைக் கவனித்துக்கொண்ட செவிலியரையே மணந்து, பிள்ளைகளும் பெற்று வாழ்ந்தவரின் புதிய சிறுநீரகத்தைப் பழைய அழற்சி பற்றிக்கொண்டது. 1963இல் அவர் இறந்தார். தொடக்க காலத்தில் இரட்டையரிடம் சிறுநீரகம் பெற்ற வேறு பலருக்கும் நோய் இவ்வாறு திரும்பியது. அயலாரிடம் உறுப்பு பெறுபவர்கள் நிராகரிப்பைத் தடுக்க ஆயுள் முழுக்க உட்கொள்ளும் எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்துகள், மூல நோயையும் ஓரளவு அடக்கிவைக்கின்றன. இரட்டையருக்கோ அந்த மருந்தே தேவைப்படவில்லை. நிராகரிப்பு இல்லாத அந்தப் பேறுதான் அழற்சிக்கு வழிவிட்டது என்று எண்ணத் தோன்றுகிறது.

ரொனால்டு கணித ஆசிரியராகப் பணியாற்றி, எஞ்சிய ஒற்றைச் சிறுநீரகத்தோடு 56 ஆண்டுகள் வாழ்ந்து, 2010இல் 79ஆம் வயதில் மறைந்தார்.